ஆமைப்பூட்டுப் போட்ட பிரசவ விடுதி

நேற்றுப் பின்னேரம் உன் மகன் ஒரு பெரிய கடித உறையோடு வீட்டுக்கு வந்தான். நீ செத்த முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கப்போகும் நினைவு மலரின் மாதிரிப் பிரதி. கதிரையில் இருந்து பிரித்தபோது அச்சு மை இன்னும் மணத்தது. ஏழாம் பக்கத்தில் நீ நிற்கிறாய். வெள்ளைச் சீருடை, தலையில் தொப்பி. தாதி வேலையை விட்டு நாலு வருசத்துக்குப் பிறகு எடுத்த படம் அது. உனக்கு முன்னால் கட்டிலில் ஒரு கர்ப்பிணிப் பெண் படுத்திருக்கிறாள். கட்டில் விரிப்பின் மூலையை ஒரு கை மடித்துச் செருகுகிறது. கைக்குரியவளின் முகம் படத்தில் விழவில்லை. அது என் கை.

கீழே ஒரு வரி போட்டிருந்தார்கள்: 'ஏழைத் தாய்மாரின் துயர் துடைத்தவர்.' பிரதியை வைத்துவிட்டுக் குசினிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டுதான் வந்தேன்.

"அன்ரி, அம்மாவோட ஒண்டாப் படிச்சு ஒண்டா வேலை செய்தது நீங்கள்தானே. ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோ" என்றான். பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஓம் என்று சொல்லி அனுப்பினேன்.

எழுத உட்கார்ந்தால் முதலில் வருவது நீ எங்கள் ஆஸ்பத்திரி விடுதியில் கொண்டுவந்த பழக்கம்தான். கடமை மாறும்போது, போகிறவள் வருகிறவளைக் கட்டில் கட்டிலாகக் கூட்டிக்கொண்டு போய் நோயாளிகளை ஒப்படைக்க வேண்டும். ஊசி போட்டாச்சு, புண் கழுவியாச்சு என்று எல்லாரும் செய்ததையே, விடுதிக் கொப்பியில் எழுதியதையே அடுக்குவோம். நீதான் மறித்தாய். "செய்ததைக் கொப்பி சொல்லும். செய்யாம விட்டதை முதல் சொல்லு" என்றாய். அடுத்தவளுக்கு மட்டும் சொல்லிவிட்டு நீ தப்பிக்கவும் இல்லை. ஒருநாள் பெரிய டொக்டருக்கு முன்னால் நின்று, "பத்தாம் கட்டிலுக்கு மத்தியான மருந்து குடுக்க மறந்திட்டன், என்ர பிழை" என்றாய். அவர் கத்திய கத்தலுக்கு நான்தான் நடுங்கினேன். நீ அசையவில்லை. அன்றிலிருந்து உன்னை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

சுனாமியாய்க் கடல் வந்த நாளையும் எழுதலாம். சல்லியில் இருந்தும் இறக்கக்கண்டியில் இருந்தும் லொறியில் ஏற்றி வந்தவர்களை நீ மூன்று நாள் வீட்டுக்குப் போகாமல் பார்த்தாய். செருப்பு எங்கோ தொலைந்துபோக, ஈரத்திலும் இரத்தத்திலும் வெறுங்காலோடு நின்றாய். சனம் அதை மறக்கவில்லை. நீ வேலையை விட்டு மாகாண சபைத் தேர்தலில் நின்றபோது உனக்கு விழுந்த விருப்பு வாக்கெல்லாம் அந்த வெறுங்காலுக்கு விழுந்ததுதான். நானும் விடுமுறை போட்டுவிட்டு வீடு வீடாகப் போய் உனக்கு வாக்குக் கேட்டேன்.

வென்ற முதல் வருசம் நீ நீயாகத்தான் இருந்தாய். கிளினிக்குகளுக்குத் தண்ணீர்த் தாங்கி வாங்கிக் கொடுத்தாய். பிறகு மாலைகள் வந்தன. மேடையில் நடுக் கதிரை வந்தது. கந்தளாயில் ஒரு கூட்டத்தில் உன் பெயரைப் பிந்தி வாசித்தார்கள் என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாய். அடுத்த தேர்தல் சுவரொட்டியில், கழற்றிப் போட்ட சீருடையை மறுபடி மாட்டிக்கொண்டு சிரித்தாய். அந்தச் சீருடையை அலுமாரியில் தோய்த்து மடித்து வைத்திருந்தது இதற்காகத்தானா என்று நினைத்தேன். கேட்கவில்லை.

அந்தத் தேர்தலுக்கு முன்னால்தான் நீ எனக்குப் போன் எடுத்தாய். இறக்கக்கண்டிக்கு அங்கால் உள்ள கிராமத்தில் நீ கட்டுவித்த பிரசவ விடுதிக் கட்டிடம் முடிந்திருந்தது. சுவர் இருந்தது, பெயர்க்கல் இருந்தது. வேறொன்றும் இல்லை.

"எடியே, பத்துக் கட்டில் வேணும். ஒரு நாளைக்குத்தான்."

"தாதிமார், மருத்துவ மாது எல்லாம் எப்ப வருவினம்?"

"திறந்து காட்டினாத்தானேடி ஆள் கேக்கலாம். விரிப்பும் கொண்டு வா. நீ விரிச்சாத்தான் வடிவா இருக்கும்."

எங்கள் ஆஸ்பத்திரிக் கட்டில்களை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். சும்மா வரவில்லை, பெருமையோடு வந்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும். வெறும் கட்டில் படத்துக்குச் சரிவராது என்று, பக்கத்துக் கிளினிக்கில் இருந்து கர்ப்பிணிகளைக் கூட்டி வந்தார்கள். முன் கட்டிலில் றஹீமா என்ற பெண். மீன்பிடிக்காரர் ஒருவரின் மனைவி. ஏழு மாதம். முதல் பிள்ளை. அவளைப் படுக்க வைத்து விரிப்பைச் செருகும்போது, ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் சொல்லிச் சொல்லி வாய் பழகிப்போன வசனத்தைச் சொன்னேன்: "வலி வந்தாச் சுணங்காம வந்திருங்கோ."

"இங்கயா மிஸ்?" என்று கேட்டாள்.

கமரா பளிச்சென்றது. நீ என்னைப் பார்த்தாய். நான் "ஓம்" என்றேன்.

மறுநாள் காலையில் லொறி வந்து கட்டில்களைத் திருப்பி ஏற்றிக்கொண்டு போனது. கதவுக்கு ஆமைப்பூட்டுப் போட்டார்கள்.

இரண்டு மாதத்துக்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். ஜும்ஆ நேரம். ஆண்கள் எல்லாரும் பள்ளிவாசலில். ஓட்டோ பிடிக்க ஆளில்லை. விடுதி கிட்டத்தானே என்று றஹீமாவும் அவளுடைய மாமியும் நடந்தே போயிருக்கிறார்கள். கதவு பூட்டியிருந்திருக்கிறது. மாமி பிறகு எங்கள் ஆஸ்பத்திரி விறாந்தையில் வைத்து என்னிடம் சொன்னார்: "மிஸ் சோறு தின்னப் போயிருப்பாங்க, இப்ப வந்திருவாங்க எண்டு படியில குந்திக்கிட்டு இருந்தம்." தொழுகை முடிந்து ஆட்கள் வந்து, ஓட்டோ பிடித்து டவுனுக்குக் கொண்டுவந்தபோது பிள்ளை உயிரோடு இல்லை. தாய் பிழைத்தாள். ஆண் குழந்தை. நான்தான் துடைத்துச் சுற்றிக் கொடுத்தேன்.

உனக்குப் போன் எடுத்தேன். நீ கேட்ட முதல் கேள்வி: "அந்தப் பொம்பிளையை ஆர் அங்க போகச் சொன்னது?"

நான் போனை வைத்துவிட்டேன்.

அடுத்த நாள் நீ வெள்ளைச் சேலையில் அந்த வீட்டுக்குப் போனாய். மாமியைக் கட்டிப்பிடித்து, "அல்லாஹ்ட நாட்டம் உம்மா" என்றாய். அவர்களுடைய வார்த்தையை எடுத்து அவர்களுடைய வாயையே அடைத்தாய். பின்னால் நின்ற எனக்கு உன்மேல் வந்த அருவருப்பு இன்றைக்கும் போகவில்லை. என்மேல் வந்ததும்தான். நாங்கள் இருவரும் உன் வாகனத்திலேயே திரும்பி வந்தோம். வழியில் நீ தொண்டை காய்கிறது என்று செவ்விளநீர் வாங்கித் தந்தாய். நான் குடித்தேன்.

மாகாண சபை கலைந்தது, வாகனம் போனது, கடைசியில் வருத்தம் வந்து நோயாளியாக எங்கள் விடுதிக்கே வந்தாய். உன் விரிப்பை நான்தான் மாற்றினேன். ஒவ்வொரு நாளும் மூலையைச் செருகும்போது உன் வாயைப் பார்த்தேன். செய்யாமல் விட்டதைச் சொல்வாய் என்று பார்த்தேன். "மந்திரி வாறதாக் கதை ஏதும் உண்டோ?" என்று கேட்டாய். வேறொன்றும் கேட்கவில்லை.

இன்று காலையில் பிரதியை எடுத்துக்கொண்டு றஹீமாவின் வீட்டுக்குப் போனேன். அவளைக் கேளாமல் அவளுடைய முகத்தை அச்சடிக்க முடியாது. இப்போது அவளுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். படத்தை வாங்கிப் பார்த்தாள்.

"நான்தான் அங்க போகச் சொன்னனான்" என்றேன். இத்தனை வருசத்தில் முதல் தடவையாக.

"தெரியும் மிஸ்" என்றாள். "படத்தப் போடட்டும். கீழ, புள்ள மௌத்தாப் போனதையும் போடச் சொல்லுங்க."

உன் மகனுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். "அதைப் போட ஏலாது அன்ரி" என்றான். படத்தை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் நீ மரக்கன்று நடும் படம் வருகிறதாம்.

அவன் கேட்ட இரண்டு பக்கம் இதுதான். மலரில் வராது. எனக்கு ஓய்வுக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. கிளினிக்கில் 'வலி வந்தாச் சுணங்காம வந்திருங்கோ' என்ற அந்த வசனத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. சொல்வதற்கு முன், கர்ப்பிணியை அப்படியே இருக்கச் சொல்லிவிட்டு, விறாந்தையால் நடந்து போய்ப் பிரசவ அறைக் கதவைத் தள்ளிப் பார்க்கிறேன். கூட வேலை செய்யும் பிள்ளைகள் தங்களுக்குள் சிரிக்கிறார்கள். அந்தக் கதவு ஒருநாளும் பூட்டப்படுவதில்லை என்று எனக்குத் தெரியும். தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் திரும்பி வந்து அதைச் சொல்கிறேன்; "இங்கயா மிஸ்?" என்று கேட்டால் "ஓம்" என்கிறேன்.