மைக்கைத் திருப்பும் இடம்

அடி பிடிவாதக்காரி,

ஒன்பது வருடமாக நீ பதில் போடவில்லை. அதற்காக எழுதுவதை நிறுத்துகிறவளா உன் அக்கா?

சனிக்கிழமை நம் ஊர் டேட்டனில், கண்காட்சித் திடலில் பாடுகிறேன். டிக்கெட் இரண்டே நாளில் தீர்ந்துவிட்டது. அறுபத்து மூன்று வயதில் வேறு எவளுக்கு இது நடக்கும், சொல்.

நம் பாட்டில் அந்த உச்ச வரி வந்ததும் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்புவேன் அல்லவா? அதைப் பெருந்தன்மை என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. போன வாரம் எங்கள் டிரம்ஸ்காரன் கர்ட்டிஸ், "முப்பத்தெட்டு வருஷமா சனங்களையே பாட விடுறீங்களே மேடம், ஒரு தடவ நீங்க பாடினா என்ன?" என்று சீண்டினான்.

"ஆசப்பட்டு வந்திருக்காங்க, பாடிட்டுப் போகட்டும்டா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தப் பாட்டைப் பதிவு செய்த அன்று ஸ்டுடியோவில் தயாரிப்பாளர் வெர்ன் சொன்னது உனக்கு மறந்திருக்காது. "பெரியவளுக்கு அந்த ஒசரம் எட்டல. அந்த ஒரு வரிய மட்டும் சின்னவ பாடட்டும். ரெண்டும் ஒரே குரல்தானே, எவன் கண்டுபிடிக்கப் போறான்?"

எவனும் கண்டுபிடிக்கவில்லை. இசைத்தட்டின் உறையில் இன்னொரு பெயருக்கு இடமில்லை என்று சொன்னது நான்தான். இடம் இருந்தது.

மூன்றாவது வரிசையில் ஓர் இருக்கை உனக்கு. பாடுவதற்கு முன்பே, இசைத்தட்டில் அந்த வரி யார் குரல் என்று கூட்டத்திடம் சொல்லிவிடுவேன். அந்த வரி வந்ததும் மைக்கோடு இறங்கி உன்னிடம் வருவேன். நீ வராவிட்டால் காலி நாற்காலிக்கு நீட்டியபடி நிற்பேன். கூட்டத்தில் ஒருவரையும் பாட விடமாட்டேன்.

வெள்ளிக்கிழமையே ஐஸ் தண்ணீரை நிறுத்திவிடு.

அந்த வரி இன்றுவரை எட்டாத,
உன் அக்கா