மச்சான் பிடரியில் பட்ட பந்து

ஹாம்பர்க்
மே 1974

அன்புள்ள பிலோமி,

சர்வேசுரன் தயவில் சுகமாயிருக்கிறேன். நீயும் மாமியும் சுகந்தானே?

திங்கட்கிழமை டென்னிஸ் இரட்டையர் ஆட்டத்தில் நான் போட்ட சர்வீஸ், வலையருகே நின்ற உன் அண்ணன் ரோச்சின் பிடரியில் பட்டுவிட்டது. லேசான வீக்கந்தான், பயப்படாதே.

“ஏலே, வேணும்னுதான அடிச்ச?” என்று கேட்டான்.

வேண்டுமென்றுதான் அடித்தேன். என்னால்தான் தோற்கிறோம் என்று எதிராளிகளிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

இனி ஓர் ஆஸ்திரேலியனோடு ஆடப்போகிறானாம். ஜோடி இல்லாமல் எனக்கு ஆட்டமே கிடையாது. ஆனாலும் மன்னிப்புக் கேட்கச் சொல்லி எழுதாதே.

ஒரே அறையில் மூன்று நாளாகப் பேச்சில்லை. இங்கே தமிழ் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அதனால் பதிலை நீளமாக எழுது.

தின்ன மக்ரூன் அனுப்பினால் இரண்டு பொட்டலமாகக் கட்டி, ஒன்றில் அவன் பெயரைப் போடு. என் கையால் கொடுக்க மாட்டேன்.

தபால் நேரமாகிவிட்டது.

சிலுவை