வயிறு தள்ளிய படகு

ஆகஸ்ட் 3

படகு மூச்சு விடுகிறது. சும்மா சொல்லவில்லை. இன்று கால்வாயில் முழு வேகத்தில் விட்டேன். காலுக்கடியில் அடித்தகடு உள்ளே போகிறது, வெளியே வருகிறது. பிஸ்கட் டப்பா மூடியை அழுத்தி அழுத்தி விட்டால் வருமே, அந்த டப் டப் சத்தம். பின்பக்கம் ரிவெட் ஆணி ஓரத்தில் கசிவு வேறு.

படகில் குறை இல்லை. மோட்டார் அப்படி. சேற்றையே தண்ணீராக நினைத்துக் கிழித்துக்கொண்டு போகிற மோட்டார். இந்த மெல்லிசு அலுமினியத்துக்கு இது அதிகம் என்றான் கடைக்காரன். எனக்கு இது குறைவு என்றேன் நான். கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

போன வருஷம் வாத்து வேட்டை சீசன் தொடங்கின காலையில் இதே படகு நடுச் சதுப்பில் ரிவெட் பிடுங்கிக்கொண்டு பாதி முழுகிவிட்டது. முதலைகள் சுற்றி நின்றன. பத்து இருக்கும், இருபது கூட இருக்கும். கயிறு போட்டு இழுத்து வந்தவன் யார்? என் மனைவி வெர்னாவின் அண்ணன் எல்ரே. என் மச்சான். இழுத்தவன் சும்மா விட்டானா? துறையில் அத்தனை பேர் முன்னால், "மாப்ளே, இது படகா, பீர் டப்பாவ வெட்டி விரிச்சதா?" என்றான். ஒரு வருஷமாக அதே பேச்சு. கோயில் வாசலிலும் அதே பேச்சு.

இந்த வருஷம் பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 10

மாமனார் சாகும்போது சதுப்புக் குளத்தை மகனுக்கும் மகளுக்கும் பொதுவில் விட்டுப்போனார். கூடவே ஒரு சட்டமும் விட்டுப்போனார். சீசன் தொடங்கும் காலையில் வெர்னா லாரி ஹாரனை அடிப்பாள். துறையிலிருந்து இரண்டு படகும் கிளம்ப வேண்டும். முதலில் குளத்துக்குள் நுழைகிறவனுக்கு சீசன் முழுக்கக் குளம். தோற்றவனுக்குக் குளத்துக்குப் பின்னால் இருக்கிற வாய்க்கால். அங்கே வாத்து வராது, கொசு வரும். அந்த வாய்க்காலில் நான் எத்தனை வருஷம் உட்கார்ந்தேன் என்று எழுத மாட்டேன். எழுதினால் பேனா உடையும்.

எல்ரேயின் படகு கனத்த தகட்டில் வெல்டிங் செய்தது. அடி மேஜை மாதிரி தட்டை, கொஞ்சமும் வளையாது. பணக்காரப் படகு. நான் மூளையால் செய்வேன்.

திட்டம்: அடித்தகட்டின் மேல் நீளவாக்கில் நாலு அலுமினிய ஆங்கிள் சட்டம். மோட்டார் மாட்டுகிற பின்பலகைக்கு இரண்டு பக்கமும் முக்கோண முட்டு. மேலே தரைத்தகடு.

ஆகஸ்ட் 24

ஆங்கிள் அடித்து முடித்தேன். அலுமினியத்தின் மனசு தெரிந்தவன் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தன்தான். ஒவ்வொரு ரிவெட்டுக்கும் பசை வைத்து அடித்தேன். கொட்டகையில் அடுப்பு மாதிரி வெயில். கை வீங்கிவிட்டது.

ஓட்டிப் பார்த்தேன். பின்பலகை அசையவில்லை, மலை மாதிரி நின்றது. ஆனால் ஆங்கிளுக்கும் ஆங்கிளுக்கும் நடுவே தகடு இன்னும் துடிக்கிறது. டப். டப். அந்தச் சத்தத்தில் எனக்கு எல்ரே சிரிக்கிறது கேட்கிறது.

செப்டம்பர் 6

நுரை வாங்கி வந்தேன். இரண்டு டப்பா திரவத்தைக் கலந்தால் நுரையாகப் பொங்கி, கல்லாக இறுகும். தரைத்தகட்டை அடித்து மூடிவிட்டு, ஒரு ஓட்டை வழியாக ஊற்றினால் அடித்தகட்டுக்கும் தரைக்கும் நடுவே இடமே இருக்காது. இடமே இல்லாவிட்டால் எங்கே துடிக்கும்?

கிறிஸ்டல் வந்தாள். எல்ரேயின் மகள். கப்பல் பட்டறையில் அலுமினியம் வெல்டிங் செய்கிறவள், அப்பனைப் போலவே வாய். படகைச் சுற்றி வந்து, "மாமா, ஒரே ஓட்டையா? பொங்குறது எங்க போகும்? நெறைய ஓட்ட போடுங்க. கொஞ்சம் ஊத்துங்க, ஆறட்டும், அப்புறம் கொஞ்சம். வெயில்ல இது வெறி பிடிச்ச மாதிரி பொங்கும்" என்றாள்.

"உங்கப்பன் சொல்லி அனுப்பினானா?"

"அவருக்கு நான் இங்க வந்ததே தெரியாது."

"ஓட்டை போட்டா தண்ணி ஏறும். அதுதானே அவனுக்கு வேணும்? போய்ச் சொல்லு, மாமா ஏமாற மாட்டாருன்னு."

"நீங்களும் அவரும் ஒரே அச்சு" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினாள். என்னையும் அவனையும் ஒரே மூச்சில் சொல்கிறாள்! காபி கொடுத்திருக்கவே கூடாது.

செப்டம்பர் 7

மொத்தத்தையும் ஊற்றினேன். உச்சி வெயிலில்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு படகு முனகியது. கிரீச்சென்று நீளமாக, பிரசவ வலி மாதிரி. ஓட்டை வழியாக மஞ்சள் நுரை ஒரு பாம்பாக எழுந்து நின்று இறுகி, வழியை அடைத்துவிட்டது. உள்ளே இன்னும் பொங்குகிறது. நான் படகின் மேல் ஏறிப் படுத்தேன். அழுத்திப் பிடிக்கத்தான். பிடிக்க முடியுமா? ரெண்டு யானை வந்தாலும் முடியாது.

திருப்பிப் போட்டுப் பார்த்தேன். அடித்தகடு வெளியே தள்ளி நிற்கிறது. பூசணி.

வெர்னா வாசல் கதவில் சாய்ந்துகொண்டு, "ஏங்க, எத்தனாவது மாசம்?" என்றாள். அண்ணன் புத்தி.

செப்டம்பர் 8

தார்ப்பாய் போட்டு மூடிவிட்டேன். யாருக்கும் தெரியக்கூடாது.

செப்டம்பர் 21

விடிவதற்குள் ஆளில்லாத கால்வாயில் ஓட்டிப் பார்த்தேன். துடிப்பு அறவே இல்லை. பாறை. சம்மட்டியால் அடித்தேன், சம்மட்டிதான் எகிறியது. அதுவரைக்கும் வெற்றி.

ஆனால் வேகம் எடுத்தால் மூக்கு மேலே போகிறது, கீழே வருகிறது, மேலே, கீழே. கொய்யால, குதிரை மேல போறாப்ல இருக்கு. முன்பு போன வேகத்தில் பாதி கூட இல்லை. நுரையை எடுக்க வேண்டும் என்றால் தரையைப் பிய்க்க வேண்டும். ஆங்கிளையும் பிய்க்க வேண்டும். அப்புறம் எதை ஓட்டுவேன்? இவ்வளவு செய்து இதற்காகவா?

சாப்பிடவில்லை. சரி, கொஞ்சம் சாப்பிட்டேன்.

நவம்பர் 1

சகல புனிதர் திருநாள். மாமனார் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போனோம். எல்ரே ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். என் பக்கம் வெள்ளை பளிச்சென்று இருந்தது, யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

படுபாவி, தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்திருக்கிறான். சொந்தக்காரர்கள் எல்லாம் நிற்கும்போது சுண்ணாம்புத் தூரிகையை என் பக்கம் நீட்டி, "மாப்ளே, ஞானஸ்நானம் எப்போ? பேர் வச்சாச்சா?" என்றான்.

"அது வேணும்னு பண்ணது. கப்பல் எல்லாம் அப்படித்தான் இருக்கும், உனக்கென்ன தெரியும்?" என்றேன்.

"அப்ப பந்தயம் வைப்போமா? நீ தோத்தா, குளம் மட்டுமில்ல. சீசன் முழுக்க நான் சுட்ட வாத்துக்கெல்லாம் நீதான் எறகு பிடுங்கணும். என் வாசல்ல உட்காந்து."

"நீ தோத்தா?"

"தோத்தா பாத்துக்கலாம்" என்று சிரித்தான். எல்லாரும் சிரித்தார்கள். கல்லறைக்குள் மாமனாரும் சிரித்திருப்பார்.

சரி என்றேன். வேறென்ன சொல்வேன்! வீட்டுக்குத் திரும்பினோம். வாசலில் இறங்கும்போது வெர்னா, "எறகு பிடுங்க அந்த வாசல்ல போய் உட்காந்தீங்கன்னா நான் எங்க மூஞ்சிய வச்சுக்கறது?" என்றாள். அப்போதுதான் தெரிந்தது, அவள் என் பக்கம்.

நவம்பர் 14

ராத்திரியிலிருந்து வடகாற்று. கூரையைப் பிடுங்குகிறது. நாளைக்குப் பந்தயம். தூக்கம் வராது.

நவம்பர் 15

இதை நிதானமாக எழுதுகிறேன்.

வடகாற்று சதுப்புத் தண்ணீரை எல்லாம் கடலுக்குத் துடைத்துவிட்டது. துறையிலேயே முழங்கால் அளவுதான். ஹாரன் அடித்ததும் எல்ரே அம்பாகப் போனான். அவன் கிளப்பின அலையில் என் படகு குதிக்கிறது, என் பல் ஆடுகிறது. அவன் விளக்கு சின்னதாகி, சின்னதாகி, கோரைக்குள் மறைந்தது. முடிந்தது என்று நினைத்தேன். வாசல், இறகு, எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தது.

குளத்து வாய்க்கு முன்னால் ஒரு மேடு. தண்ணீர் இருந்தால் தெரியாது. இன்று வெறும் சேறு. அங்கே எல்ரே நிற்கிறான். மோட்டார் அலறுகிறது, சேறு வானத்துக்குப் பறக்கிறது, படகு ஓர் அங்குலம் நகரவில்லை. மேஜை மாதிரி தட்டை அடி, கனத்த தகடு வேறு. சேறு உறிஞ்சிப் பிடித்துக்கொண்டது.

நானும் அதே சேற்றில் ஏறினேன். நின்றது. நான் எழுந்து இடது காலில் ஒரு மிதி, வலது காலில் ஒரு மிதி. பூசணி வயிறு தொட்டில் மாதிரி ஆடியது. ஆட ஆடக் காற்று அடியில் புகுந்து சேற்றின் பிடி விட்டது. மோட்டார் தள்ளியது. வழுக்கிக்கொண்டு போனேன், அவனைத் தொடுகிற தூரத்தில்.

"மாப்ளே! கயிறு போடுடா!"

"வாத்து காத்திருக்கு மச்சான்."

குளம் முழுக்க எனக்கு. அரசாங்கம் அனுமதிக்கிற அளவு வாத்து அடித்தேன். அனுமதித்திருந்தால் ஆயிரம் அடித்திருப்பேன். கோரைக்கு அந்தப் பக்கம் அவன் கத்துவது கேட்டது. வாத்துக்களை அது என் பக்கம் விரட்டியது, நன்றாகத்தான் இருந்தது.

திரும்பும்போது கயிறு போட்டேன். வெர்னா துறையில் நிற்பாளே. அவன் முகத்தில் சேறு, மீசையில் சேறு. இழுத்துக்கொண்டு வந்தேன், மெதுவாக, எல்லாரும் பார்க்க. ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்த பேச்சு நெஞ்சு நிறைய இருந்தது. ஒன்றுதான் சொன்னேன்: "மச்சான், இது படகா, இஸ்திரிப் பெட்டியா?"

நவம்பர் 20

வெர்னா கம்போக் குழம்பு வைத்தாள். என் வாத்து. கிறிஸ்டலுக்கும் ஒரு கிண்ணம் போனது. எல்ரேக்குப் போகவில்லை.

நவம்பர் 23

எல்ரே வந்தான். உட்காரச் சொல்லவில்லை, அவனே உட்கார்ந்தான். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"அந்த வயித்த எப்படி வச்ச? எவ்வளவு ஊத்தின?"

என் படகின் ரகசியம் கேட்டு வந்திருக்கிறான், எல்ரே! சொல்ல எத்தனையோ இருந்தது. கப்பல் கணக்கு, திமிங்கலத்து விலா எலும்பு, எல்லாம் நாக்கு நுனியில். நான் உண்மையைச் சொன்னேன்.

"தப்பாயிடுச்சு மச்சான். ஓட்ட போடாம மொத்தத்தையும் ஊத்திட்டேன். தானா வீங்கிடுச்சு. தண்ணி இருக்கிற நாள்ல இது ஓடாது. நுரைய மட்டும் ஊத்திடாத, உன் படகு கெட்டுப்போகும்."

முறைத்தான். "முப்பது வருஷமா உன்னத் தெரியும்டா. என்கிட்டயே மறைக்கிறியா?" நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டுப் போனான்.

அவன் நம்ப மாட்டான் என்று தெரிந்துதான் சொன்னேன்.

நவம்பர் 29

தென்காற்று திரும்பிவிட்டது. சதுப்பு முழுக்கத் தண்ணீர். மெதுவாகக் குதித்துக் குதித்துத்தான் குளத்துக்குப் போய் வந்தேன். குளம் என்னுடையது, எனக்கென்ன அவசரம்?

மதியம் தெருக்கோடியில் எல்ரேயின் கொட்டகையிலிருந்து கிரீச்சென்று நீளமாக ஒரு சத்தம். எனக்குத் தெரிந்த சத்தம். கனத்த தகடு, அதனால் இன்னும் மெதுவாக முனகியது.

வெர்னா பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஓடிப்போய்ச் சொல்லுங்களேன்."

சொல்லியாச்சு, என்றேன்.