இன்னொருவர் நாற்காலியில் நீங்கள்

இன்று காலை நம் மகள் வேலைக்கு ஓடிய அவசரத்தில் புதிய அடையாள அட்டையைச் சமையலறை மேசையிலேயே விட்டுப் போய்விட்டாள். மருத்துவமனையில் அவளுடைய மேலதிகாரி விடுப்பில் இருக்கிறாராம்; அவர் திரும்பும்வரை அந்தப் பொறுப்பு இவளுக்காம். பெயருக்குக் கீழே ‘ஆக்டிங்’ என்று அச்சிட்டிருந்தார்கள். மெல்பர்ன் குளிரில் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். உங்களையும் சில வாரங்கள் அப்படித்தானே அழைத்தார்கள்!

மலாயாவில் வெள்ளைக்காரர் ஆட்சியின் கடைசிக் காலம். மாவட்டப் போலீஸ் தலைவராக இருந்த துரை காய்ச்சலில் விழுந்தார். வேறொரு வெள்ளைக்காரர் வந்து சேரும்வரை அவர் நாற்காலியில் உங்களை உட்காரச் சொன்னார்கள். பங்களா தரவில்லை, கார் தரவில்லை. பொறுப்பை மட்டும் முழுதாகத் தந்தார்கள்.

ஒரு நாள் நீங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது டெலிபோன் அடித்தது. ஆற்றுக்கு அக்கரையில் இருந்த ரப்பர் தோட்டத்து மானேஜர். அவர் கத்தியது எனக்கே கேட்டது. பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தியை அவர் வேலையைவிட்டு நிறுத்தியிருந்தார். பால்வெட்டுத் தொழிலாளர்கள் திரண்டு வந்து அவருடைய ஆபீசைச் சுற்றிக்கொண்டார்கள். உடனே வந்து சுட வேண்டுமாம். அந்த மாவட்டத்தில் அப்போது அதற்கு உத்தரவு தரக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். எதிரே நிற்பவர்களோ நம் ஜனங்கள்.

"புது துரை வர்ற வரைக்கும் எதையாவது சொல்லித் தள்ளிப்போடுங்களேன். இதெல்லாம் உங்க தலையிலயா விடியணும்?" என்றேன்.

நீங்கள் தொப்பியை எடுத்துக்கொண்டே, "நாற்காலி அவரோடது. ஆனா சுடச் சொல்ற வாய் என்னோடது" என்றீர்கள். தட்டில் சோறு அப்படியே இருந்தது.

நான் பின்வாசலில் நின்று அக்கரையையே பார்த்தேன். சுட்டால் நம் வீட்டுக்குக் கேட்கும். "ஏதாச்சும் சத்தம் கேட்டுச்சாக்கா?" என்று பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரி வந்து வந்து கேட்டாள். நான் அக்கரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

நடந்ததை உங்களோடு வந்த போலீஸ் லாரி டிரைவர்தான் பிறகு சொன்னார். துப்பாக்கிகளை லாரியிலேயே வைக்கச் சொல்லிவிட்டுத் தனியாகக் கூட்டத்துக்குள் போனீர்களாம். "வெள்ளைக்காரன் நாயே!" என்று ஒருவன் கத்தினான். கல்லொன்று உங்கள் தோளில் விழுந்தது. நீங்கள் நிற்கவில்லை. "எல்லாரும் உட்காருங்க. மானேஜரை வெளிய கூட்டிட்டு வந்து உங்ககிட்ட பேச வைக்கிறேன்" என்றீர்கள். முதலில் பெண்கள் உட்கார்ந்தார்கள். சொன்னபடியே மானேஜரை வெளியே அழைத்து வந்து பேச வைத்தீர்கள். அந்தப் பெண்ணுக்கு வேலை திரும்பக் கிடைத்தது.

சாயங்காலம் வீடு வந்த உங்களுக்கு இடுப்பு பெல்ட்டை அவிழ்க்க வரவில்லை. விரல்கள் அப்படி நடுங்கின. அவற்றை விலக்கிவிட்டு நான் அவிழ்த்தேன்.

"பயந்துட்டீங்களா?"

"ரொம்ப."

புது துரை வருவதற்குள் மானேஜரின் புகார் அவர் காதுக்குப் போய்விட்டது. நீங்கள் பழைய மேசைக்கே திரும்பினீர்கள். பிறகு நாடு நம் கைக்கு வந்தது. ஆனால் ‘இளகிய மனுஷன், பெரிய பதவிக்கு ஆக மாட்டான்’ என்ற பேர் மட்டும் உங்களை விடவில்லை. ஓய்வு பெறும்வரை அந்த நாற்காலி உங்களுக்கு வரவேயில்லை. ஒரு நாளும் நீங்கள் அதைப் பற்றிக் குறை பேசியதில்லை.

போன வருஷம், இங்கே உங்களைக் கடைசியாக வழியனுப்ப எல்லோரும் கூடியிருந்தபோது மாப்பிள்ளை எழுந்து, "மாமாவுக்குப் பயம்னா என்னன்னே தெரியாது" என்று சொன்னார். எல்லோரும் தலையசைத்தார்கள். நான் திருத்தவில்லை. அவ்வளவு பயத்தையும் வைத்துக்கொண்டு துப்பாக்கியில்லாமல் நடந்துபோனவர் நீங்கள். அந்தப் பயம் எனக்கு மட்டுமே தெரியும். உங்கள் விரல்களின் அந்த நடுக்கம் இன்னும் என் கையில் இருக்கிறது.