மேல வீதியில் நீ மயங்கி விழுந்த காலை

இன்று காலை பீரோ சாவியைத் தேடி மேசை டிராயரைக் கவிழ்த்தபோது அந்தச் சின்னப் பித்தளைச் சாவி கீழே விழுந்தது. "இது எந்தப் பூட்டுக்கும் சேரலியே, தூக்கிப் போடவா?" என்றாள் மனைவி. பதறிப்போய்ப் பிடுங்கிக்கொண்டேன். அப்புறம் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். உன்னை அடக்கம் செய்து ஒரு வருடம் ஆகிறது. உன்னை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்புதான் முதலில் வருகிறது.

அப்போது நாம் அண்ணாமலை நகரில் படித்துக்கொண்டிருந்தோம். ரோட்டில் அடிபட்டுக் கிடந்தவரை யாருமே திரும்பிப் பார்க்கவில்லை என்று பேப்பரில் ஒரு செய்தி. "மனுசங்க இவ்ளோதான்டா. எவனும் நிக்க மாட்டான்" என்றாய். நிற்பார்கள் என்றேன் நான். வாய்ச்சண்டை முற்றிப் பந்தயமானது. தோற்றவன் மீசையை எடுத்துவிட வேண்டும். உன் மீசையைப் பற்றி உனக்கிருந்த பெருமை ஹாஸ்டலுக்கே தெரியும்.

மறுநாள் காலை சிதம்பரம் மேல வீதியில் நடந்துகொண்டிருந்த நீ, பேசிவைத்தபடி பொத்தென்று விழுந்தாய். நான் எதிர்ப்பக்க டீக்கடையில் மணி பார்த்துக்கொண்டு நின்றேன். டீ என் கைக்கு வருவதற்குள் உன்னைச் சுற்றிக் கூட்டம். பூ விற்கிற அம்மா ஒருவர் உன் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். யாரோ சோடாவை உடைத்து முகத்தில் அடித்தார். குளிர் தாங்காமல் நீ உதறினாய். அதுதான் வினையாகப் போயிற்று. "ஐயோ, வலிப்பு! இரும்பு குடுங்க, இரும்பு!" என்று ஒருவர் கத்த, வீட்டுச் சாவி, கடைச் சாவி, வண்டிச் சாவி என்று உன் இரண்டு கையும் நிறைந்துவிட்டது. அவசரத்தில் பித்தளைச் சாவியைத் திணித்தவரும் உண்டு.

ஜெயித்த மிதப்பில் ஓடிவந்து, "போதும், எழுந்துருடா" என்று உன் காதில் சொன்னேன். கண்ணைத் திறக்காமலே நீ முணுமுணுத்தாய்: "நடிப்புன்னு தெரிஞ்சா, நாளைக்கு நெசமா விழறவனுக்கு இவுங்க வருவாங்களாடா?" எனக்குச் சுருக்கென்றது. உன் காலைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினேன்.

பூக்கூடையைப் பக்கத்துக் கடையில் விட்டுவிட்டு அந்த அம்மாவும் ஏறிக்கொண்டார். ஊசி என்றால் ஊரையே கூட்டுகிற நீ, ஆஸ்பத்திரியில் சத்தமே இல்லாமல் குத்திக்கொண்டாய். "புள்ளைக்கு ஒண்ணும் இல்லியே டாக்டர்?" என்று அவர் மூன்று முறை கேட்டார். "காலைல சாப்ட்டிருக்க மாட்டான்மா" என்றார் டாக்டர். உடனே இட்லி வாங்கி வந்தார். ஹாஸ்டலில் தின்ற ஆறு இட்லிக்கு மேல் அந்த நாலையும் நீ விழுங்கியதைப் பார்க்க முடியாமல், நான் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

மேல வீதிக்குத் திரும்பியதும் சாவிகளை அவரவர் வாங்கிக்கொண்டார்கள். பித்தளைச் சாவிக்கு மட்டும், கடை கடையாகக் கேட்டும் ஆள் அகப்படவில்லை. அன்று மாலை மழித்த மேலுதட்டைத் தடவிக்கொண்டு, "தோத்ததுல இவ்ளோ சந்தோசம் இருக்கும்னு தெரியாதுடா மச்சான்" என்றாய்.

அதற்குப் பிறகு உன்னோடு கிளம்பி எங்கேயும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததில்லை. குறிஞ்சிப்பாடி ரோட்டில் எவர் வண்டி நின்றாலும் நம் வண்டியும் நின்றது. எத்தனை முறை உன்னைத் திட்டியிருப்பேன்!

போன வாரம் கடலூர் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் என் கண்ணெதிரே சரிந்து விழுந்தார். ஓடினேன். "நடிப்பா இருக்கும் சார், உங்களுக்கு ஏன் வம்பு?" என்றார் பக்கத்தில் நின்றவர்.

"நடிப்பா இருந்தா நல்லதுதாங்க, ஆளுக்கு ஒண்ணும் இல்லன்னு ஆவுது. இந்தப் பக்கம் கொஞ்சம் புடிங்க" என்றேன்.

அவர் பிடித்தார், மச்சான்.