நிழல் போட்டவளுக்கு

இன்று அலமாரியை ஒழித்தபோது பழைய துணிகளுக்கு அடியில் ஒரு சிடி கிடைத்தது. மேலே பச்சை ஸ்கெட்ச் பேனாவில் உன் கையெழுத்து: ‘அறுபதாம் கல்யாணம் – கடைசி – இதுதான் கடைசி’. இரண்டாவது ‘கடைசி’க்குக் கீழே இரண்டு கோடுகள். வீட்டில் உள்ள எந்தக் கணினியிலும் இப்போது சிடி போட இடமில்லை. கையில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீ போய் ஏழு மாதமாகிறது. உன்னை நினைத்ததும் அழுகை வரவேண்டும். எனக்கு முதலில் வந்தது வயிற்றுக்குள் அந்தப் பழைய எரிச்சல்தான். உன்னிடம் இனிப் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஒரு முறை சொன்ன பொய்யே இருபது வருடத்துக்கு மேல் என்னோடு குடியிருந்துவிட்டது.

தஞ்சாவூர் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், பாத்திரக்கடை மாடியில் இருந்த அந்தக் கல்யாண வீடியோ ஸ்டுடியோவுக்கு முதலில் வந்தவள் நான். அதை நீ மறந்ததில்லை. நான் மறக்க விட்டதும் இல்லை. அப்பா மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். என்னைத் திருச்சியில் மல்டிமீடியா படிக்க வைத்தார். நீ திருத்துறைப்பூண்டிப் பக்கம் குத்தகை நிலத்தில் பாடுபட்ட வீட்டுப் பெண். பி.எஸ்சி. கணக்கு முடித்திருந்தாய். தமிழில் வேகமாகத் தட்டச்சு செய்வாய் என்பதற்காக, மணமக்கள் பெயர் அடிக்க உன்னைச் சேர்த்தார்கள். மவுசைப் பிடிக்கக் காட்டியது நான். ஒரு படத்தின் மேல் இன்னொன்றை அடுக்குவது, நீலத் துணிக்கு முன்னால் நிற்கிற ஆளை வைத்துக்கொண்டு நீலத்தை மட்டும் கரைப்பது, எல்லாம் நான் காட்டியதுதான். மூன்றே மாதத்தில், உன் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்க்கிறவளாக நான் ஆகிவிட்டேன்.

அப்போது நமக்கு வந்த வேலை தெரியுமே. மாப்பிள்ளை தாமரைக்குள்ளிருந்து எழுந்து வருவார். பெண்ணின் தலைக்குப் பின்னால் சூரியன் சுற்றும். ரோஜா இதழ்கள் கொட்டும். ஜனங்களுக்கு அது பிடித்திருந்தது, எனக்கும் பிடித்திருந்தது. நீதான் முகத்தைச் சுளிப்பாய். “ஏன்டி, இவங்க வீட்டுல சூரியன் மண்டபத்துக்குள்ளயா உதிக்குது?” ஒரு நிமிடக் காட்சியைக் கணினி கோத்து முடிக்க அரை நாள் எடுக்கும். நான் எரிந்து விழுவேன். நீ காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, “மேட்டூர்ல தண்ணி தொறந்துட்டாங்க. எங்க ஊருக்கு வந்து சேரணும்ல?” என்று சிரிப்பாய். அந்த நிதானத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முத்துப்பேட்டைப் பக்கத்துப் பெரியவர் ஒருவரின் அறுபதாம் கல்யாணம் திருக்கடையூரில் நடந்தது. இளைய மகன் ஷார்ஜாவில் வேலையில் இருந்தான், லீவு கிடைக்கவில்லை. நம் முதலாளி செல்வராஜ் அண்ணன்தான் யோசனை சொன்னார். அந்தப் பையன் தன் அறையில் நீலப் போர்வையைச் சுவரில் கட்டி, அதன் முன்னால் நின்று, ஒரு வெறும் சொம்பைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றுவது போலவும் கீழே விழுந்து கும்பிடுவது போலவும் நடித்து, அந்த டேப்பை ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்து அனுப்பினான். அவனைக் கோயிலுக்குள் கொண்டுவந்து அப்பா அம்மாவுக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டும்.

“ஸ்டெல்லா, நீதாம்மா சீனியர். நீ பண்ணு” என்றார் அண்ணன். நான்கு நாள் முக்கினேன். போஸ்டரில் இருந்து வெட்டி ஒட்டியது போலவே நின்றான் அவன். அண்ணன் ஒன்றும் சொல்லாமல் டேப்பை எடுத்து உன் மேசையில் வைத்தார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

முதல் நாள் முழுக்க நீ கணினியைத் தொடவே இல்லை. கோயில் டேப்பை ஓட்டி ஓட்டிப் பார்த்தாய். வெயில் இடப்பக்கத்திலிருந்து விழுகிறது என்று நோட்டில் குறித்தாய். மறுநாள் அவன் காலடியில் ஆரம்பித்து வலப்பக்கமாகச் சாயும் நிழலை ஒவ்வொரு படமாக வரைந்தாய். ஒரு நொடிக்கு இருபத்தைந்து படம். ஹோமப் புகையைத் தனியாகப் பிரித்து அவனுக்கு முன்னால் லேசாக ஓட விட்டாய். பெரியவரின் மூத்த மகன் சல்லடை வழியாக ஊற்றிய தண்ணீரை எடுத்துத் தம்பியின் வெறும் சொம்பில் சேர்த்தாய். அதெல்லாம் உழைப்பு, நானும் முயன்றால் செய்திருப்பேன் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். அடுத்து நீ செய்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்தக் காட்சியில் பெரியவரின் மகள், யாரோ கூப்பிட்டது போல, ஒரு கணம் திரும்பிப் பார்க்கிறாள். அவள் பார்க்கிற இடம் காலியாக இருந்தது. தம்பியை நீ அங்கே கொண்டுபோய் நிறுத்தினாய். அக்கா தம்பியைப் பார்த்துச் சிரித்தாள்.

நான்கு நாள் அதே டேப்பை நானும்தான் பார்த்தேன். அந்தப் பார்வை என் கண்ணில் படவே இல்லை.

குடும்பத்தோடு வந்து பார்த்தார்கள். டிவியில் அந்த இடம் வந்ததும் பையனின் அம்மா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

“எப்ப வந்தான்?” என்றார்.

“எங்க வந்தான்? படத்துல சேத்திருக்காங்க. சொன்னேன்ல?” என்றார் பெரியவர்.

“தெரியும். செத்த சும்மா இருங்க. பாத்துக்கிறேன்.”

மூன்று முறை போடச் சொன்னார். பிறகு எழுந்து, “எந்தப் பொண்ணும்மா செஞ்சது?” என்று கேட்டுக்கொண்டே, கதவுக்கு அருகில் நின்ற என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை. நீ டேப்பை ரீவைண்ட் செய்துகொண்டிருந்தாய். ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாய், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் ஞாயிறுதோறும் பொறாமை பாவம் என்று கேட்டு வளர்ந்தவள் நான். பாவம் என்று தெரிந்ததால் அது குறையவில்லை. சென்னையில் ஒரு நிறுவனம் ஆள் எடுக்கிறது, செய்த வேலையின் மாதிரியை அனுப்ப வேண்டும் என்று பேப்பரில் பார்த்தேன். உன்னிடம் சொல்லவில்லை. என் தாமரைகளையும் ரோஜாக்களையும் டேப்பில் சேர்த்துவிட்டு, கடைசியில் உன் காட்சியை வைத்தேன். கூப்பிட்டார்கள். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மற்றதையெல்லாம் ஓடவிட்டு அதை மட்டும் நிறுத்தி, “இந்த நிழலை எப்படிப் போட்டீங்க?” என்று கேட்டார்கள். உன் பின்னால் நின்று ஒன்று விடாமல் பார்த்தவள் அல்லவா? வெயில், புகை, தண்ணீர், அக்காவின் பார்வை எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். ‘அவள்’ என்று சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் ‘நான்’ என்றேன். வேலை கிடைத்தது.

திரும்பி வந்து உன்னிடம் சொன்னபோது, “எத அனுப்புன?” என்று கேட்டாய்.

“டைட்டில்தான். நாலஞ்சு கல்யாணம்.”

நீ திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “சரி” என்றாய்.

நான் கிளம்பிய அன்று, அண்ணன் புதிதாக வாங்கியிருந்த சிடி ரைட்டரில் பதிந்த இந்தச் சிடியைக் கொண்டுவந்து என் பையில் வைத்தாய். “இது நல்ல காப்பி. டேப்ல கலர் வெளிறிப் போயிருக்கும். திரும்பக் கேட்டாங்கன்னா இதக் காட்டு.” குரலில் கேலி இல்லை, குத்தல் இல்லை. நீ என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நாம் இருவரும் ஒரே உயரத்தில் இருந்திருப்போம். இந்தச் சிடியை நான் எந்தக் கணினியிலும் போட்டதில்லை.

இரண்டு வருடம் கழித்து நீயும் சென்னைக்கு வந்தாய், வேறொரு நிறுவனத்துக்கு. பிறகு சிங்கப்பூர், பிறகு வான்கூவர். நான் இங்கேயே சீரியல் டைட்டில்கள் செய்தேன். பறக்கிற கதாநாயகர்களின் முதுகில் தெரியும் கம்பியை அழித்தேன். கெட்டிக்காரி என்று பெயர் வாங்கினேன். ஆனால் நீ வேலை செய்த படம் வந்தால் முதல் நாளே போவேன். எல்லோரும் எழுந்து போன பிறகும் உட்கார்ந்து, ஓடுகிற நூற்றுக்கணக்கான பெயர்களில் உன் பெயரைத் தேடுவேன். இருந்தால் நெஞ்சில் ஒரு கிள்ளல். இல்லாவிட்டால் பாப்கார்ன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவேன். ஒரு முறை உன் பெயரில் ஓர் எழுத்தைத் தப்பாகப் போட்டிருந்தார்கள். அன்று முழுக்க எனக்கு மனசு லேசாக இருந்தது.

உன் தம்பி கல்யாணத்துக்கு நீ வந்தபோது தஞ்சாவூரில் ஒரு மெஸ்ஸில் சேர்ந்து சாப்பிட்டோம். என் வேலையைப் பற்றி நான் கொஞ்சம் கூட்டியே சொன்னேன். உனக்குத் தெரிந்திருக்கும். “நல்லா இருக்கியாடி?” என்று இரண்டு முறை கேட்டாய். அந்தக் காட்சியைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ரசத்தில் மிளகு தூக்கலாக இருப்பதைப் பற்றிப் பேசிவிட்டுப் பிரிந்தோம்.

உன் தம்பிதான் போன் செய்து நீ போய்விட்டதைச் சொன்னான். நோய் என்பதே எனக்குத் தெரியாது. பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, உன்னை அறிந்தவர்கள் எல்லோரும் கணினி வழியாகக் கூடினார்கள். நான்கு தேசத்திலிருந்து நாற்பது முகங்கள். ஒவ்வொருவரும் உன்னைப் பற்றிச் சொல்லி அழுதார்கள். எனக்கு இப்படி யார் வருவார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஆம், அப்போதும்.

சிங்கப்பூரில் உன்னோடு வேலை பார்த்த ஒருவர் பேசினார். “அவங்க ஒரு கதை சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. சென்னையில முதல் இன்டர்வியூ. தான் செஞ்ச காட்சியைப் போட்டுக் காட்டியிருக்காங்க. ‘இதை எங்ககிட்ட வேலை பார்க்கிற பொண்ணு ஏற்கெனவே காட்டிடுச்சு. அடுத்தவங்க வேலையைத் திருடிட்டு வர்றியா?’ன்னு கேட்டு அனுப்பிட்டாங்களாம். யாரு அந்தப் பொண்ணுன்னு கேட்டா சொல்ல மாட்டாங்க. ‘என்னைவிட நல்லா வெளக்கிச் சொல்லத் தெரிஞ்சவ’ம்பாங்க.”

எல்லோரும் அழுகைக்கு நடுவே சிரித்தார்கள். நீ என் அலுவலகத்துக்கு வந்திருக்கிறாய். நான் அன்று அதே கட்டடத்தின் மாடியில் இருந்திருப்பேன். ‘அவளைக் கூப்பிடுங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், என் வேலை போயிருக்கும். திருடி என்ற பெயரை வாங்கிக்கொண்டு நீ படியிறங்கிப் போயிருக்கிறாய்.

மைக்கைத் திறந்தேன். “அந்தப் பொண்ணு நான்தான்” என்றேன்.

உன் தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அந்தச் சிங்கப்பூர்க்காரர்தான், “அந்தக் காட்சியை நாங்க யாருமே பார்த்ததில்லைங்க. எப்படிச் செஞ்சாங்கன்னு சொல்றீங்களா?” என்றார்.

சொன்னேன். ஆரம்பத்திலிருந்து, அவசரமில்லாமல் சொன்னேன். அவள் முதல் நாள் கணினியைத் தொடவில்லை. அவள் வெயிலைக் குறித்தாள். அவள் புகையைப் பிரித்தாள். அவள்தான் அக்காவின் பார்வையைக் கண்டுபிடித்தாள். உன் தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் அம்மா திரைக்கு அருகில் வந்து, “அம்புட்டும் எம்மவளா செஞ்சா?” என்று கேட்டார்.

“ஆமாம்மா. முழுக்க அவதான். நான் பின்னாடி நின்னு பாத்தேன்.”

நாற்பது பேரும் உன்னைப் பாராட்டிப் பேச ஆரம்பித்தார்கள். என்னை ஒருவரும் திட்டவில்லை. நான் இருப்பதையே மறந்துவிட்டார்கள். உண்மையைச் சொன்னால் பாரம் இறங்கும் என்பார்கள். ஏதோ இறங்கியது. ஆனால் அத்தனை பேர் வாயிலும் உன் பெயரைக் கேட்டபோது எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. இதை எழுதுகிற இந்த நிமிடமும் இருக்கிறது.

இத்தனை வருடம் என்னை ஒழுங்காக வேலை செய்ய வைத்தது அந்தப் பொறாமைதான். ஒரு காட்சியை முடித்து அனுப்பும் முன், நீ பார்த்தால் என்ன சொல்வாய் என்று பயந்துதான் திரும்ப ஒரு தடவை பார்ப்பேன். நேற்றும் பார்த்தேன். ஓரிடம் சரியில்லை, திருத்தினேன். பொறாமைப்பட வேறு ஆள் தேட எனக்கு மனமில்லை. இது என்னோடு இருக்கட்டும்.