தூங்குமூஞ்சி மரங்களும் கடைக்கட்சியும்

1972 மார்ச் 6

மாதர் சங்கத்துக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட மகராசன் ஒருநாள் மத்தியானம் அதன் கீழே உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். பத்து மணிக்கே தலை காய்கிறது. வழக்கம்போல தையல் மிஷின்களைத் தூக்கிக்கொண்டு குளக்கரைக்குப் போய்விட்டோம். ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் நான் ரவிக்கைக்கு அளவெடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அடுத்த மரத்தடியில் காளியம்மாள் அக்கா தன் நடவுப் பெண்களை உட்கார வைத்து வரப்போகிற குறுவைக்கு என்ன கூலி கேட்பது என்று பேசிக்கொண்டிருந்தார். அதற்கடுத்ததில் கீரைக்காரிகள். அப்பால் வண்டி மாடுகள் அசை போட்டுக்கொண்டு. இந்த ஊரில் எல்லாருக்கும் இடம் உள்ள பெரிய கட்டடம் எது என்று யாராவது கேட்டால் இந்த மர வரிசையைத்தான் காட்டுவேன்.

மரம் அறுக்கிற தங்கையன் சுண்ணாம்பு வாளியோடு வந்தார். மரத்துக்கு மரம் வெள்ளை வளையம் போட்டார்.

"ஏதும் விசேஷமாண்ணே?"

"இல்லம்மா. சித்திரை விழா கழிஞ்சதும் அறுக்கச் சொல்லிருக்காங்க. போர்டுல கடை கட்டப் போறாங்களாம்." என் முகத்தைப் பார்க்காமலே அடுத்த மரத்துக்குப் போய்விட்டார்.

எல்லா மரமுமா? எல்லாமும்தான்.

மார்ச் 7

மிஷின் ஊசியை உடைத்தேன். கவனம் தையலில் இல்லை.

மார்ச் 9

இவரிடம் சொன்னேன், போர்டு ஆபீசுக்குப் போய்க் கேட்கப்போகிறேன் என்று. சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது. இவர் ஃபிட்டராக இருப்பது துரைக்கண்ணு அவர்களின் ரைஸ் மில்லில். துரைக்கண்ணுதான் பஞ்சாயத்து போர்டு தலைவர். எனக்குச் சங்கத்தில் சம்பளம் போடுவதும் அதே போர்டு. ஒரே ஆள் கையில் எங்கள் வீட்டு இரண்டு அடுப்புக் கட்டியும்.

"மரத்துக்காகவா அம்சம்?" என்றார்.

"மரத்துக்காக மட்டும் இல்லீங்க."

காளியம்மாள் அக்கா சொன்னதைச் சொன்னேன். போன அறுவடையில் கூலித் தகராறில் போலீஸ் வேன் வந்து நின்ற ஊர் இது. வயல்காட்டில் நாலு பேர் கூடினாலே மிராசுதார்கள் ஆள் விட்டுப் பார்க்கிறார்கள். பஞ்சாயத்துப் பொது இடம், குளக்கரை, அங்கேதான் யாரும் எழுந்து போ என்று சொல்ல முடியாது. "மரத்த அறுத்துட்டா நாங்க எங்க டீச்சர் கூடுறது, மிராசுதார் வீட்டுக் களத்துலயா?" என்று அக்கா கேட்டது காதிலேயே நிற்கிறது. என் அம்மாவும் பாபநாசம் பக்கம் நடவு நட்டவள்தான். எனக்குக் கத்திரிக்கோல் கிடைத்தது, அவ்வளவே வித்தியாசம்.

இவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டுச் சொன்னார்: "போறதுன்னா மில்லு சங்கு ஊதுறதுக்கு முன்னாடி போ. அப்பத்தான் அவரு நல்ல மனசுல இருப்பாரு."

மார்ச் 12, ஞாயிறு

இன்று குளக்கரை வாரச் சந்தையில் ஒரு வேடிக்கை காட்டினோம். நினைக்க நினைக்கச் சிரிப்பு வருகிறது.

ஒரே பாத்தியில் பிடுங்கிய கீரை. ஒரு கட்டு வெயிலில், ஒரு கட்டு மரத்தடியில். அதே மாதிரி மல்லிகைச் சரம் இரண்டு. இங்கே ஒரு தூக்கு மோர், அங்கே ஒரு தூக்கு. காலையில் வைத்துவிட்டு, வருகிறவர்களிடம் "மத்தியானம் வந்து பாருங்க" என்று மட்டும் சொன்னோம். மத்தியானம் சரியான கூட்டம். வெயில் கீரை, கிழவன் துண்டு மாதிரி துவண்டு கிடந்தது. மரத்தடிக் கீரையைக் காளியம்மாள் அக்கா தூக்கி உதறினார், தண்ணீர் தெறித்தது. வெயில் மோரைக் குடித்துப் பார்த்த ஒரு பெரியவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "இதுல பல்லி விழுந்துச்சா?" என்றார்.

சங்கத்துப் பெண்கள் மரம் மரமாக நின்று பேசினார்கள். வாயே திறக்காத சஃபியாகூட. அதிராம்பட்டினத்திலிருந்து இங்கே வாழ வந்தவள், துணி வியாபாரி மூஸாவின் சம்சாரம். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "எங்க ஊர்ல கடக்காத்து இருக்கு. இங்க இந்த மரந்தான் காத்து" என்றாள். கைதட்டினார்கள்.

மார்ச் 15

போர்டு ஆபீசுக்குப் போனோம், காளியம்மாள் அக்காவும் நானும். தலைவர் நாற்காலி போடச் சொன்னார், காப்பி வரவழைத்தார். அக்கா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்ததில் எனக்கு ஒரு சந்தோஷம்.

சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு மேடைக் குரலில் ஆரம்பித்தார்: "விழித்தெழு தமிழினமே என்று முழங்குகிற காலத்திலே, வீதிக்கு வீதி தூங்குமூஞ்சி மரம் எதுக்கம்மா?" தன் பேச்சைத் தானே ரசித்துச் சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை. அவருக்கு அது பிடிக்கவில்லை.

"சரி, மக்கள் தீர்ப்பே மகேசன் தீர்ப்பு. சித்திரை விழாவுல பட்டிமன்றம் வச்சுருவோம். ஊருக்குத் தேவை கடையா, மரமா? நானே நடுவர். நீயும் பேசும்மா."

வெளியே வந்ததும் அக்கா, "நடுவரு அவரா? அப்ப வெள்ளாட்டுக்குட்டி வழக்குக்கு நரி நாட்டாமை" என்றார்.

மார்ச் 27

நோட்டீஸ் வந்துவிட்டது. ரோஸ் காகிதம்.

என் பேரு கடை அணியில! கடை அணியில போட்டிருக்காங்க! மர அணிக்குத் தமிழ் வாத்தியார் ரெத்தினம். நான் மூணாவதா, கடைக்காக. எதுக்கு இப்படி? தெரிஞ்சுதான் பண்ணிருக்காரு. பேசலன்னா ஓடிட்டான்னு சொல்லுவாங்க. பேசுனா என் வாயாலயே மரத்த அறு-ன்னு சொல்லணும். பாவி மனுஷன். காப்பி வேற குடுத்தாரே.

மார்ச் 28

இவரைத் தலைவர் மில்லில் கூப்பிட்டு, "வீட்ல பேச்சு தயாராவுதா இராஜாங்கம்?" என்று கேட்டாராம். கேட்டதில் மிரட்டலும் இல்லை, இல்லாமலும் இல்லை. இவர் "ஆவுதுங்க, நல்லாவே ஆவுது" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

நான் ஒரு வரிகூடத் தயாரிக்கவில்லை.

ஏப்ரல் 3

சஃபியாவிடம் புலம்பினேன். அவள் பொத்தான் தைத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் மெதுவாகச் சொன்னாள்: "தப்பா நெனைக்காதீங்கக்கா. எங்க வீட்ல அவங்களுக்குக் கடை வேணும். துணி மூட்டைய சைக்கிள்ல வச்சு ஊரு ஊராப் போயி, முதுகு போயிருச்சு. ஒரு கடை கெடச்சா உக்காந்து விப்பாங்க."

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை நாள் என் பக்கத்தில் உட்கார்ந்து, மரத்துக்காகச் சந்தையில் பேசியவள். அவள் வீட்டுக்குக் கடையும் வேண்டும் என்று நான் ஒருதரம்கூட நினைக்கவில்லையே.

"கடை எங்க இருந்தா நல்லதுன்னு உங்க வீட்ல நெனைக்கிறாங்க?"

"எங்க நெழல் இருக்கோ அங்க. வெயில்ல நின்னு யாரு துணி எடுப்பா?"

அப்புறம் வீட்டுக்கு எப்படி வந்தேன் என்றே தெரியவில்லை. வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்திருக்கிறேன். எதிரே வந்த பால்காரர் ஒதுங்கிப் போனார்.

ஏப்ரல் 5

கடை வேண்டும் என்றுதான் பேசப்போகிறேன். மனசாரப் பேசப்போகிறேன்.

ஏப்ரல் 9

ஒத்திகை. நான் அம்மியில் அரைத்துக்கொண்டே பேச, இவர் நடுவர். டம்ளரில் கரண்டியால் தட்டி "நேரம் முடிந்தது" என்கிறார், நான் "பெரியோர்களே" என்று சொல்லி வாய் மூடுவதற்குள். துவையல் மாவாகிவிட்டது.

ஏப்ரல் 14

நேற்று நடந்ததை இன்று காலை ஆற அமர எழுதுகிறேன். இன்னும் மேடையிலேயே நிற்கிற மாதிரி இருக்கிறது.

குளக்கரையிலேயே மேடை. வெள்ளை வளையம் போட்ட மரங்களில்தான் டியூப்லைட் கட்டியிருந்தார்கள். காளியம்மாள் அக்கா இருக்கிற காலனியிலிருந்து பெண்கள் எல்லாரும் வந்து முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். பின்னால் நாற்காலிகளில் மிராசுதார்கள். நடுவே கடை கேட்டிருந்த வியாபாரிகள்.

ரெத்தினம் வாத்தியார் மரத்தைப் பற்றி அழகாகப் பேசினார். குரல் கணீரென்று. கடை அணியில் முதலில் பேசிய சிமெண்ட் ஏஜெண்ட், வளர்ச்சி, வருமானம் என்றார். தலைவர் நடுநடுவே தன் தூங்குமூஞ்சி வசனத்தை எடுத்துவிட்டார். இந்தத் தடவை கூட்டம் சிரித்தது.

என் பெயரைச் சொன்னார்கள். போய் நின்றேன். மைக் என் நெற்றிக்கு நேரே இருந்தது. யாரோ வந்து இறக்கிவிட்டார்கள்.

"நான் கடை அணி. எனக்குக் கடை வேணும்" என்றேன். முன்வரிசையில் காளியம்மாள் அக்காவின் முகம் மாறியது. அவரிடம்கூட நான் சொல்லியிருக்கவில்லை.

"மூட்டை சுமந்து விக்கிறவங்களுக்குக் கடை வேணும். கீரைக்காரவங்களுக்கும் மேல ஒரு கூரை வேணும். ஆனா நல்ல கடைக்கு மொதல் முதலீடு எது? ஆளு வந்து நிக்கணும். போன மாசம் சந்தையில எல்லாரும் பாத்தீங்க. வெயில்ல வச்ச கீரையும் பாத்தீங்க, நெழல்ல வச்ச கீரையும் பாத்தீங்க. இந்த மரத்த அறுத்துட்டு அந்த எடத்துல கடை வச்சா, கடை இருக்கும், வாங்க வர்றவங்க இருக்க மாட்டாங்க. அது கடைக்குச் செய்யுற துரோகம். கடை அணியில இருந்துக்கிட்டு அதை நான் எப்படிங்க ஒத்துக்குவேன்?"

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. மூஸா எழுந்தே நின்றுவிட்டார்.

"ரோட்டுக்கு அந்தாண்ட மாட்டுப் பவுண்டு இருக்கு. மேஞ்ச மாட்டப் புடிச்சு அடைக்கிற அந்தப் பட்டியில மாடு அடைச்சு யாருக்காவது ஞாபகம் இருக்கா? போர்டு இடம். சும்மா கெடக்குது. கடைங்கள அங்க கட்டுங்க, மரத்தப் பாத்த மாதிரி. வர்றவங்க மாட்ட இங்க கட்டிட்டு, நெழல்ல இளைப்பாறிட்டு, அங்க வந்து வாங்குவாங்க."

உட்கார்ந்திருக்கலாம். ஆனால் அந்தத் தூங்குமூஞ்சி உள்ளே உறுத்திக்கொண்டிருந்ததே.

"நடுவர் அவர்கள் தூங்குமூஞ்சின்னு சொன்னாங்க. இந்த மரம் வெயில் அடிக்கிற வரைக்கும் முழிச்சிருந்து எலைய விரிச்சு வைக்கும். பொழுது சாஞ்சா எலைய மூடித் தூங்கும். காலையில வயலுக்குப் போயி அந்தியில வந்து படுக்கிற எங்க அம்மாவும் அப்படித்தாங்க. அவங்களையும் தூங்குமூஞ்சின்னா சொல்லுவீங்க?"

முன்வரிசை மொத்தமும் எழுந்தது. காளியம்மாள் அக்கா போட்ட குலவையில் குளத்து நாரை பறந்தது. பெண்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். மைக்செட்காரர் மணியடிப்பதை மறந்துவிட்டார்.

தலைவர் எழுந்தார். துண்டைச் சரிசெய்தார். மேடைக்காரர், கைதட்டல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும் அவருக்கு. வியாபாரிகளும் தட்டுகிறார்கள், காலனியும் தட்டுகிறது. பின்னால் நாற்காலிகள் மட்டும் அமைதி. அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் பார்த்தார்.

"கடை அணி வென்றது!" என்றார். "மரமும் மாண்டிடாது, மக்களும் வாடிடாது, மாட்டுப் பட்டியே மாடவீதி ஆகட்டும்!"

வாடிடாதா, வாடிடாரா? யார் கேட்டார்கள்! ஒரே ஆரவாரம். ரெத்தினம் வாத்தியார் என்னிடம் வந்து, "எங்க அணிய தோக்கடிச்சு எங்க கட்சிய ஜெயிக்க வச்சிட்டீங்களேம்மா" என்று வாய்விட்டுச் சிரித்தார்.

இவர் எங்கே என்று தேடினால், கூட்டத்துக்குப் பின்னால் ஒரு மரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "டியூப்லைட்டுப் பூச்சி" என்றார்.

ஏப்ரல் 26

போர்டில் தீர்மானமாகிவிட்டது. பவுண்டுச் சுவரை இன்று இடிக்கிறார்கள். மிராசுதார்களில் இரண்டு பேர் தலைவரிடம் சண்டைக்குப் போனார்களாம். "நான் நடுவரா இருந்து குடுத்த தீர்ப்பு, மாத்த முடியாது" என்றாராம். தன் வசனத்தை மதிக்கிற மனுஷன். அதற்காகவே ஒரு காப்பி போட்டுக் கொடுக்கலாம்.

மே 4

தலைவர் இவரிடம், "அடுத்த எலெக்‌ஷன்ல உன் சம்சாரம் நம்ம மேடையில ஏறணும்" என்றாராம். "அவ எந்தப் பக்கம் பேசுவான்னு எனக்கே தெரியாதுங்களே" என்றிருக்கிறார் இவர்.

ஜூன் 18

மேட்டூர் திறந்து தண்ணீர் வாய்க்காலுக்கு வந்துவிட்டது. காலனிக்குப் பின்னால் மனைப்பட்டா கிடைத்த புதுத்தெரு ஒரு பொட்டல். அங்கே இன்று புங்கன் கன்று நட்டோம். ரெத்தினம் வாத்தியார் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு வந்தார். சங்கத்துப் பெண்கள் ஓட்டைப் பானைகளில் வளர்த்து வைத்திருந்த கன்றுகள். எந்தக் கன்று யாருக்கு என்று சண்டை. உயரமான கன்றுக்கு இரண்டு வீட்டுக்காரர்கள் இழுபறி. தங்கையனும் வந்தார், கோடாலி இல்லாமல் கடப்பாறையோடு. குழி தோண்டிக்கொண்டே, "அறுக்குற கூலியவிட இது கொறச்சல்தான், ஆனா வீட்ல திட்ட மாட்டேங்குறா" என்றார்.

ஜூன் 20

காளியம்மாள் அக்கா வீட்டுக் கன்றை அக்காவின் ஆடே தின்றுவிட்டது. தெருவே சிரிக்கிறது. அக்கா ஆட்டோடு பேசுவதில்லை.

ஜூன் 23

எல்லாக் கன்றுக்கும் கருவேல முள் கட்டியாயிற்று. கையெல்லாம் கீறல். அக்காவுக்குப் புதுக் கன்று.

ஜூலை 30

மூஸா கடை திறந்துவிட்டார். சஃபியா கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். எதிர் மரத்தடியில் மிஷின் மிதித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். ரவிக்கைத் துணி அங்கே, தையல் இங்கே. நாளைக்கு இரண்டு பேருக்கும் வேலை இருக்கிறது.

ஆகஸ்ட் 29

குறுவை அறுவடைக் கூலிப் பேச்சு இன்று காலை குளக்கரையிலேயே என்று முடிவாகியிருக்கிறது. காளியம்மாள் அக்கா ஆட்கள் ஒரு பக்கம், மிராசுதார்கள் ஒரு பக்கம், தாசில்தாரும் வருகிறார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அடுத்த மரத்தடியில் வகுப்பாம். கீரைக்காரிகள் விடியும்போதே பாய் விரித்துவிட்டார்கள் என்று இவர் வந்து சொல்கிறார்.

எழுத நேரமில்லை. இப்போதே போகாவிட்டால் மிஷின் போட நிழல் கிடைக்காது.